மண்ணுக்குள் தூங்கும் ஒயின்... ஜார்ஜியாவின் தாழிகளைத் தேடி ஒரு பயணம்!

பழைய டிபிலிசி நகரத்தின் தெருக்களில் நின்று நிமிர்ந்து பார்த்தால், மலை முகட்டில் ஒரு பெண் நிற்பது தெரியும். 20 மீட்டர் உயர அலுமினியச் சிலை. பெயர் 'கார்ட்லிஸ் தேதா', அதாவது ஜார்ஜியத் தாய். வலது கையில் வாள், இடது கையில் ஒயின் கிண்ணம். எதிரியாக வந்தால் வாள்; விருந்தாளியாக வந்தால் கிண்ணம். 1958-ல் வைக்கப்பட்ட சிலை. ஊருக்குள் நுழைகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான அறிவிப்புப் பலகை தேவையில்லை!

ஜார்ஜியா என்றதும் அமெரிக்காவில் இருக்கும் மாநிலத்தை நினைத்துவிட வேண்டாம். இது கருங்கடலுக்கும் காகசஸ் மலைக்கும் இடையில் இருக்கும் தனி நாடு. பரப்பளவில் தமிழ்நாட்டில் பாதியைவிடச் சற்றே பெரியது. மக்கள்தொகை 40 லட்சத்துக்கும் குறைவு. நம்மூர்க் குடும்பங்கள் பலவற்றுக்கு இந்த நாடு அறிமுகமானது எம்.பி.பி.எஸ் படிப்பின் வழியாகத்தான். டிபிலிசியின் மருத்துவப் பல்கலைக்கழகங்களில் ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் படிக்கிறார்கள். பிள்ளையைப் பார்க்கப் போகிற அப்பா, அம்மாக்கள் நான்கு நாள் ஊர் சுற்றிவிட்டுத் திரும்புவதும் சகஜமாகிவிட்டது.

அப்படிப் போகிறவர்கள் சர்ச், கோட்டை, பனிமலை என்று பார்த்துவிட்டு வந்துவிடுகிறார்கள். தவறில்லை. ஆனால், அந்த நாட்டை உண்மையிலேயே புரிந்துகொள்ள வேண்டுமென்றால், ஒரு வீட்டின் பின்கட்டில் மண்ணுக்குள் புதைந்திருக்கும் தாழியைத் திறந்து பார்க்க வேண்டும்.

8,000 வருட ருசி

ஒயின் என்றால் பிரான்ஸ், இத்தாலி என்றுதான் பலரும் நினைப்போம். 2017-ல் வெளியான ஓர் ஆய்வு, வரலாற்றை ஜார்ஜியா பக்கம் நகர்த்தியது. டிபிலிசிக்குத் தெற்கே சுமார் 50 கிலோமீட்டர் தொலைவில் கதாச்ரிலி கோரா, ஷுலாவேரிஸ் கோரா என்ற இரண்டு புதிய கற்கால மேடுகள் இருக்கின்றன. அங்கே கிடைத்த பானை ஓடுகளைச் சோதித்தபோது, திராட்சைக்கே உரிய டார்டாரிக் அமிலத்தின் தடயம் சிக்கியது. காலம், கி.மு. 6000-ஐ ஒட்டியது. திராட்சை ஒயினுக்கு இதுவரை கிடைத்த சான்றுகளில் மிகப் பழைமையானவற்றில் ஒன்று இது.

பழைமையைவிட ஆச்சர்யம், அந்தச் சங்கிலி அறுந்துவிடவில்லை என்பது. இன்றும் கிராமத்து வீடுகளில் மண் தாழியில்தான் ஒயின் ஊறுகிறது. அதற்குப் பெயர் 'க்வெவ்ரி'. முட்டை வடிவம், அடிப்பக்கம் கூர்மை, வாய் மட்டும் தரைக்கு மேலே. படத்தில் பார்க்கிற தமிழருக்கு உடனே ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழி ஞாபகம் வரும். அங்கே முன்னோர்களை வைத்தார்கள், இங்கே திராட்சைச் சாற்றை வைக்கிறார்கள்! நிலத்தில் புதைத்துப் பக்குவப்படுத்திய கள்ளைப் பற்றி நம் புறநானூறும் பேசுகிறது. நம்மிடம் பாட்டு இருக்கிறது. அவர்களிடம் தாழியே இருக்கிறது.

க்வெவ்ரி ஒயின் தயாரிப்பு முறையை 2013-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

முதல் பெஞ்ச்சில் எல்லோரும்!

ஒயின் உலகத்துக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கு ஒரு பயம் இருக்கும். கிளாஸை எப்படிப் பிடிப்பது, எப்படிச் சுழற்றுவது, முகர்ந்து பார்த்து என்ன சொல்வது? தப்பாகச் சொன்னால் பக்கத்தில் இருப்பவர் சிரிப்பாரோ? ஐரோப்பாவின் பெரிய ஒயின் நிகழ்ச்சிகளில் இந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அங்கே வார்த்தைகளே ஒரு வேலி.

ஜார்ஜியாவில் அந்த வேலி பெரிதாக இல்லை. இந்த நாட்டுக்கே உரிய திராட்சை ரகங்கள் 525 என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒயினுக்கென்றே படித்துப் பட்டம் வாங்கியவர்கள்கூட அவற்றில் பெரும்பாலானவற்றை வாழ்க்கையில் ருசி பார்த்திருக்க மாட்டார்கள். இங்கே வரும் நிபுணரும் முதல் நாளில் முதல் பெஞ்ச்சில்தான் உட்கார வேண்டும். ஆர்வம் மட்டுமே கைமுதலாக வருகிறவருக்கு இதைவிடத் தோதான நாடு கிடைப்பது கஷ்டம்.

பெயர்களைப் பார்த்து மிரளத் தேவையில்லை, எல்லாம் நம்மூர் நெல் ரகங்களின் பெயர்களைப்போலக் காரணப் பெயர்கள்தான். 'ர்காட்சிதேலி' என்றால் சிவந்த தண்டு. 'ம்ட்ஸ்வானே' என்றால் பச்சை. 'சபேராவி' என்றால் சாயம் தருவது. மேற்கு ஜார்ஜியாவின் 'ஒஜாலேஷி'க்கு, மரத்தில் வளர்வது என்று பொருள். மிளகுக்கொடி பாக்கு மரத்தில் ஏறுமே, அதுபோல இந்தக் கொடியை மரத்தில் ஏற்றிவிட்டுத்தான் வளர்த்திருக்கிறார்கள். பெயர் தெரிந்தவுடனே பாதி அந்நியம் போய்விடுகிறது.

ககேத்தி என்னும் திராட்சைப் பள்ளத்தாக்கு

தாழிகளைப் பார்க்கக் கிழக்கே ககேத்தி மாகாணத்துக்குப் போக வேண்டும். நாட்டின் ஒயின் திராட்சையில் பெரும்பகுதி இங்கேதான் விளைகிறது. டிபிலிசியிலிருந்து சிக்நாகி என்ற மலை நகரத்துக்கு சுமார் 110 கிலோமீட்டர். 'மார்ஷ்ருட்கா' எனும் மினி வேன்கள் ஓடுகின்றன. ஆனால், நாலு ஊர் நின்று நின்று போக நினைப்பவர்களுக்கு டிரைவரோடு வாடகை கார்தான் சரி. ருசி பார்த்துவிட்டுத் தானே வண்டி ஓட்டலாம் என்ற நினைப்பே வேண்டாம்.

சிக்நாகியின் பழைய கோட்டைச் சுவரில் நின்றால் கீழே அலசானி பள்ளத்தாக்கு விரிகிறது. அதற்கு அப்பால், சுவர் எழுப்பியதுபோல காகசஸ் மலைத்தொடர். கம்பம் பள்ளத்தாக்கில் நின்று மேற்குத் தொடர்ச்சி மலையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாகத் தெரியாது. நடுவில் திராட்சை, சுற்றிலும் மலை. இங்கே மலை உச்சியில் பனி, அவ்வளவுதான் வித்தியாசம்.

பக்கத்திலேயே போட்பே மடாலயம். ஜார்ஜியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த புனித நினோவின் சமாதி இங்கே இருக்கிறது. அவர் கையில் இருந்த சிலுவை, திராட்சைக் கொடியைத் தன் தலைமுடியால் கட்டிச் செய்தது என்பது இவர்களின் நம்பிக்கை. சிலுவையிலும் திராட்சைக்கொடி! இன்னும் வடக்கே போனால் அலாவெர்தி. 11-ம் நூற்றாண்டில் கட்டிய தேவாலயம், அதன் மதில் சுவருக்குள் துறவிகள் நடத்தும் ஒயின் நிலவறை. கோயிலுக்குப் போவதுபோல உடுத்திப் போவது நல்லது.

பெரிய நிறுவனங்களின் ஒயின் ஆலைகளும் வழியில் வரும். மலையைக் குடைந்த சுரங்கத்தில் பாட்டில்களை அடுக்கிவைத்து டிக்கெட் போட்டுக் காட்டுகிறார்கள். பளபளப்பாகத்தான் இருக்கும். நேரம் குறைவென்றால் இதைத் தயங்காமல் விட்டுவிடலாம்.

பார்க்க வேண்டியது 'மாரானி'. வீட்டோடு ஒட்டிய ஒயின் அறைக்கு அந்தப் பெயர். உள்ளே போனால் மேஜை, நாற்காலி, அலமாரி எதுவும் கண்ணில் படாது. வெறும் தரை. ஆங்காங்கே வட்ட மூடிகள். கால் வைக்கும்போது கவனமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு மூடிக்குக் கீழேயும் ஆள் உயரத் தாழி இருக்கிறது. சிலவற்றில் ஆயிரம், இரண்டாயிரம் லிட்டர்கூடப் பிடிக்கும்.

தாழிக்குள் என்ன நடக்கிறது?

ககேத்தி முறை மிக எளிமையானது. திராட்சையை மிதித்து நசுக்கி, சாறு, தோல், கொட்டை, காம்பு எல்லாவற்றையும் சேர்த்தே தாழிக்குள் இறக்குகிறார்கள். சர்க்கரையோ ஈஸ்ட்டோ போடுவதில்லை. பழத்தோலிலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட்டே நொதிக்க வைத்துவிடும். இட்லி மாவு தானாகப் புளிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை!

நொதிக்கும் நாள்களில் தோல்கள் பொங்கி மேலே வரும். கட்டையால் அடிக்கடி அமுக்கிவிட வேண்டும். அடங்கியதும் மூடியை வைத்துக் களிமண்ணோ மண்ணோ பூசி அடைத்துவிடுவார்கள். பிறகு ஐந்தாறு மாதம் யாரும் தொடுவதில்லை. மண்ணுக்குள் வெப்பநிலை பெரிதாக மாறாது என்பதால் குளிர்சாதனம் தேவைப்படுவதில்லை. அடிப்பக்கம் கூர்மையாக இருப்பதற்கும் காரணம் உண்டு. கொட்டைகள் முதலில் அந்தக் கூம்புக்குள் இறங்கிவிடும். அவற்றின் மேல் மற்ற வண்டல் படியும். கொட்டையின் கசப்பு ஒயினில் அதிகம் ஏறாது. வசந்த காலத்தில் திறந்தால் மேலே தெளிந்த ஒயின் நிற்கும்.

தாழியின் உட்புறம் தேன்மெழுகு பூசப்பட்டிருக்கும். காலியானதும் கழுவுவதுதான் பெரிய வேலை. பெரிய தாழி என்றால் ஆளே உள்ளே இறங்க வேண்டும். செர்ரி மரப்பட்டைகளைக் கோத்துச் செய்த தேய்ப்பான் இதற்கென்றே இருக்கிறது. சுத்தம் ஒரு துளி குறைந்தாலும் அடுத்த வருட ஒயின் மொத்தமும் காடியாகிவிடும் அபாயம் உண்டு. இயற்கை முறை என்று சொல்லிவிட்டுச் சும்மா இருந்துவிட முடியாது என்பது இந்தத் தேய்ப்பானைப் பார்த்தாலே புரியும்.

தாழி செய்யும் குயவர்கள் இப்போது சில ஊர்களில்தான் இருக்கிறார்கள். ககேத்தியில் வர்திசுபானி, மேற்கே ஷ்ரோஷா வட்டாரம். சக்கரம் கிடையாது. களிமண்ணைத் திரித்து, ஒரு வளையம் வைத்து, அது காய்ந்ததும் அடுத்த வளையம் வைத்துக் கையாலேயே உயர்த்துகிறார்கள். ஒரு பெரிய தாழி எழும்ப வாரக்கணக்கில் ஆகும். சுடுவதற்குச் சூளையில் ஒரு வாரம் போல.

முதல் மடக்கு

வெள்ளைத் திராட்சையில் செய்த ஒயின் என்று சொல்லி ஊற்றுவார்கள். ஆனால், கிளாஸில் விழுவது தேன் நிறத்தில், சில சமயம் கட்டன் சாயா நிறத்தில் இருக்கும். தோலோடு மாதக்கணக்கில் ஊறியதால் வந்த நிறம். உலகச் சந்தையில் இதை 'ஆரஞ்சு ஒயின்' என்கிறார்கள், ஜார்ஜியர்கள் 'அம்பர்' என்கிறார்கள்.

இனிப்பை எதிர்பார்த்து வாயில் வைப்பவர்கள் முகம் சுளிப்பார்கள். பால் சேர்க்காத டீயை அதிக நேரம் ஊறவிட்டால் நாக்கைப் பிடிக்குமே, அந்தத் துவர்ப்பு. கூடவே காய்ந்த ஆப்ரிகாட், வால்நட் வாசனை. முதல் மடக்கில் பிடிக்காமல் போவது வெகு சாதாரணம். ஒரு துண்டு சீஸ், கொஞ்சம் ரொட்டி சாப்பிட்டுவிட்டு இரண்டாவது தடவை பார்த்தால் அதே துவர்ப்பு வேறு மாதிரி தெரியும். இந்த ஒயின் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கவே பிறந்தது. வெறும் வயிற்றில் அதை எடைபோடுவது நியாயமில்லை.

சபேராவி இன்னொரு உலகம். பெரும்பாலான கறுப்புத் திராட்சைகளுக்குத் தோல் மட்டும்தான் கறுப்பு, சதை வெளுப்பு. சபேராவிக்குச் சதையே சிவப்பு. குடித்தவர் நாக்கை நீட்டினால் நாவல்பழம் தின்ற பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி இருக்கும்!

தொலைந்துபோக இருந்த பெயர்கள்

இத்தனை ரகங்கள் என்று பெருமையாகச் சொல்லும் நாட்டில், ஒரு காலத்தில் அவற்றில் விரல்விட்டு எண்ணக்கூடியவைதான் வயலில் மிஞ்சும் நிலை வந்தது. சோவியத் ஆட்சியில் ஒயின் தொழில் அரசின் கைக்குப் போனது. தேவைப்பட்டது அளவு. அதிகம் காய்க்கும், பராமரிக்கச் சுலபமான ரகங்கள் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நடப்பட்டன. ககேத்தியில் ர்காட்சிதேலியும் சபேராவியும் நிறைந்தன. குறைவாகக் காய்க்கிறவை, நோய் தாங்காதவை, ஒரே ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் விளைகிறவை எல்லாம் ஓரங்கட்டப்பட்டன. பசுமைப் புரட்சிக்குப் பிறகு நம்மூர் வயல்களில் மாப்பிள்ளைச் சம்பாவுக்கும் கருங்குறுவைக்கும் என்ன ஆனதோ, ஏறக்குறைய அதேதான்.

அடுத்த அடி 1985-ல் விழுந்தது. கோர்பச்சேவ் கொண்டுவந்த மது எதிர்ப்பு இயக்கத்தில் திராட்சைத் தோட்டங்களே வெட்டிச் சாய்க்கப்பட்டன. சோவியத் உடைந்த பிறகு உள்நாட்டுச் சண்டை, மின்வெட்டு, வறுமை. நிமிர்ந்து வரும் நேரத்தில், 2006-ல் ரஷ்யா ஜார்ஜிய ஒயினுக்குத் தடை போட்டது. தரக் குறைவு என்று ரஷ்யா சொன்னது, அரசியல் பழிவாங்கல் என்று ஜார்ஜியா சொன்னது. ஏற்றுமதியில் பெரும்பகுதி ரஷ்யாவையே நம்பியிருந்ததால், ஒரே நாளில் கடையைச் சாத்தியதுபோல ஆகிவிட்டது.

இவ்வளவுக்கும் நடுவில் தாழியையும் பழைய ரகங்களையும் காப்பாற்றியது யார்? வீட்டுக்காரர்கள்தான். தொழிற்சாலை என்ன வேண்டுமானாலும் செய்யட்டும், தன் வீட்டு விருந்துக்கும் மகன் கல்யாணத்துக்கும் தன் ஒயின்தான் என்று பின்கட்டில் நாலு கொடியும் இரண்டு தாழியும் வைத்திருந்தார்கள். ரஷ்யச் சந்தை மூடியதும் ஐரோப்பா, அமெரிக்கா, ஜப்பான் பக்கம் திரும்பியபோது, அங்கே ஆர்வத்தோடு கேட்டது இந்தப் பின்கட்டு ஒயினைத்தான். டிபிலிசிக்கு அருகே ஜிகாவுராவில் இருக்கும் அரசு ஆராய்ச்சிப் பண்ணையில் 400-க்கும் மேற்பட்ட ஜார்ஜிய ரகங்களைச் சேகரித்து வளர்க்கிறார்கள். கிசி, கிக்வி, தவ்க்வேரி என்று மறந்துபோன பெயர்கள் திரும்ப லேபிளில் வரத் தொடங்கியிருக்கின்றன.

2013-ல் தடை நீங்கியது. ரஷ்யா மீண்டும் மிகப்பெரிய வாடிக்கையாளராகிவிட்டது. அந்தச் சந்தையில் அதிகம் போவது இனிப்பு கலந்த, எல்லோருக்கும் பழகிய ஒயின்கள். ஊர் பேர் தெரியாத ரகத்தை நட்டு வருடத்துக்குச் சில ஆயிரம் பாட்டில் மட்டும் எடுக்கிற குடும்பத்துக்கு அது உதவாது. 'இது என்ன திராட்சை?' என்று கேட்டு வாங்குகிற ஆள் வேண்டும். அனுபவமில்லாத பயணியின் ஆர்வத்துக்கு இங்கே மதிப்பு இருப்பது அதனால்தான்.

மே மாதத் திருவிழா

அப்படிக் கேட்பதற்கென்றே ஒரு நாள் இருக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் டிபிலிசியில் புது ஒயின் திருவிழா நடக்கிறது. குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் கிடந்த ஒயின் வெளியே வரும் நேரம். பெரிய ஆலைகளும், லேபிள்கூட ஒழுங்காக ஒட்டாத குடும்பத் தயாரிப்பாளர்களும் ஒரே மைதானத்தில் மேஜை போடுகிறார்கள். அநேகமாக ஊற்றுகிறவரே கொடி வளர்த்தவர், தாழி கழுவியவர். ஆங்கிலம் வராவிட்டாலும் கை ஜாடையில் கதை சொல்லிவிடுவார்.

வரிசையாக எல்லா மேஜையிலும் கிளாஸை நீட்டினால் பத்தாவது மேஜையில் ஆட்டம் முடிந்துவிடும். பழகியவர்கள் ஒரு மடக்கு வாயில் வைத்து, ருசி பார்த்துவிட்டுத் துப்பிவிடுவார்கள். அதற்கென்றே பாத்திரம் வைத்திருப்பார்கள். யாரும் தப்பாக நினைப்பதில்லை. தெரிந்த பெயர்களைத் தாண்டி, படிக்கவே வராத பெயர் இருக்கும் மேஜையாகப் பார்த்து நிற்பதுதான் இங்கே சாமர்த்தியம்.

மே மாதம் முடியாதவர்களுக்குச் செப்டம்பர், அக்டோபர். 'ர்த்வேலி' என்னும் அறுவடைக் காலம். டிபிலிசியில் வேலை பார்ப்பவர்கள் சொந்த ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள். ஏறக்குறைய நம் பொங்கல் சமயத்துக் கோயம்பேடுதான். குழந்தைகளுக்கு இதுதான் சரியான சீஸன். திராட்சை பறிக்கலாம், மரத்தொட்டியில் இறங்கி மிதிக்கலாம். திராட்சைச் சாற்றை மாவோடு காய்ச்சி, நூலில் கோத்த வால்நட்டை அதில் தோய்த்துத் தொங்கவிடுவார்கள். பெயர் 'சுர்ச்கேலா'. கடைகளில் தொங்குவதைப் பார்த்து மெழுகுவத்தி என்று நினைப்பவர்கள் நிறைய பேர்!

விருந்தில் ஒரு தலைவர்

ஜார்ஜியாவில் தனியாக உட்கார்ந்து குடிப்பதற்கு மரியாதை கிடையாது. ஒயினுக்கு இடம் 'சுப்ரா' என்ற விருந்துதான். அதற்கு 'தமதா' என்று ஒரு தலைவர் இருப்பார். அவர் எழுந்து வாழ்த்துச் சொன்ன பிறகுதான் கிளாஸை எடுக்க வேண்டும். கடவுளுக்கு, நாட்டுக்கு, விருந்தாளிக்கு, இறந்துபோன பெரியவர்களுக்கு, பிறந்திருக்கும் குழந்தைகளுக்கு என்று வரிசையாகப் போகும். ஒவ்வொன்றும் குட்டிப் பிரசங்கம். முடிவில் எல்லோரும் 'கவுமர்ஜோஸ்' என்பார்கள். இறந்தவர்களுக்கான வாழ்த்தின்போது மேஜை அமைதியாகிவிடும். அடுத்து குழந்தைகளுக்கு என்றதும் கலகலப்பு திரும்பிவிடும்.

நடுவில் யாராவது பாட ஆரம்பிப்பார்கள். மூன்று குரல்கள் மூன்று வழியில் போய் ஓரிடத்தில் சேரும் பாட்டு. 1977-ல் வாயேஜர் விண்கலத்தில் நாசா அனுப்பிய தங்கத் தட்டில் 'சக்ருலோ' என்ற ஜார்ஜியப் பாட்டு இருக்கிறது. அதே தட்டில் நம் கேசர்பாய் கேர்கரின் குரலும் இருக்கிறது.

சைவம் சாப்பிடுபவர்கள் தயங்க வேண்டியதில்லை. இவர்களின் சர்ச் நாள்காட்டியில் விரத நாள்கள் ஏராளம், அதனால் நம் புரட்டாசி மாதிரி இறைச்சி இல்லாத சமையல் நன்றாகவே வளர்ந்திருக்கிறது. வால்நட் விழுது தடவிச் சுருட்டிய கத்திரிக்காய், மண்சட்டியில் கொதிக்கும் ராஜ்மா 'லோபியோ', சீஸ் நிரப்பிய 'கச்சாபூரி' ரொட்டி எல்லாம் கிடைக்கும். குடிக்காதவர்களுக்குப் பச்சை நிறத்தில் 'தர்ஹூனா' என்ற மூலிகை சோடா. விருந்தாளி குடிக்கவில்லை என்றால் மரியாதையாகச் சொல்லிவிட்டால் போதும், வாழ்த்துக்கு எந்தக் கிளாஸையும் தூக்கலாம். மது எந்த வடிவத்தில் இருந்தாலும் உடலுக்குக் கேடுதான் என்பதும், 8,000 வருடப் பழைமை அதை மாற்றிவிடாது என்பதும் தனிக் கதை.

கிளம்பும் முன்...

சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. வளைகுடா நகரம் ஒன்றில் மாறிப் போகலாம். விசா விதிகள் அடிக்கடி மாறுவதால் டிக்கெட் போடும் முன் ஜார்ஜிய அரசின் இணையதளத்தில் பார்த்துவிடுவது நல்லது. இந்தியா திரும்பும்போது ஒருவர் 2 லிட்டர் வரை வரியில்லாமல் கொண்டுவரலாம். சாலையோரத்தில் சோடா பாட்டிலில் ஊற்றித் தரும் வீட்டு ஒயினை விமானத்தில் ஏற்றும் ஆசை வேண்டாம், அதை அங்கேயே ருசி பார்த்துவிடுவது உத்தமம்.

பிடித்த ஒயின் கிடைத்தால் லேபிளை இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வளைந்து நெளியும் ஜார்ஜிய எழுத்தில் திராட்சையின் பெயர், ஊர், வருடம் மூன்றும் இருக்கும். சிறிய மாரானிகளில் ஒரு ரகத்துக்கு ஒரே ஒரு தாழிதான். அது தீர்ந்துவிட்டால், அடுத்த வசந்தத்தில் மூடியைத் திறக்கும் வரை அந்தக் குடும்பத்தாலும் தர முடியாது.